பாட்டுக் கேக்கிற வீடு

இல்லைத் தம்பி, நிப்பாட்ட ஏலாது. அது அப்பிடியே ஓடட்டும், நாங்கள் அதுக்கு மேலாலை கொஞ்சம் சத்தமாக் கதைப்பம். சப்பாத்தை உதிலை கழட்டி விட்டிட்டு வாங்கோ. அந்தக் கதிரை வேண்டாம், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலை இருந்தியளெண்டால் மண்டைக்குள்ளை ஆரோ தவில் அடிக்கிற மாதிரி இருக்கும். இஞ்சாலை, ஜன்னல் பக்கமா இருங்கோ. குளிருதே? ஜன்னலையும் பூட்ட ஏலாது, குறை நினைக்காதேங்கோ.

ஓம், நீங்கள் வாங்க வந்த இசைத்தட்டு உதுதான். இப்ப ஓடிக்கொண்டிருக்கிறதேதான். கீழை கார் விடுற இடத்திலையே கேட்டதே? எந்தப் பக்கம், குப்பைத் தொட்டிப் பக்கமோ, மரத்தடியோ? மரத்தடியிலையும் கேட்டதே? அப்ப சரி. நல்லது.

ஆனா பாருங்கோ தம்பி, அது விக்கிறதுக்கில்லை. எங்கடை பெடியன் சுஜன் என்னைக் கேக்காமல் கொள்ளாமல் இன்ரர்நெற்றிலை போட்டுட்டான். இது அவன்ரைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. அவன் ஓர்ஹூஸிலை படிக்கிறான். போன மாசம் வந்து நிண்டவன், உதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு விசர் பிடிச்சுப்போச்சு. மோர், இதை வித்துத் துலைப்பம், வீட்டுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி எண்டு டெனிஷிலை சொன்னான். மோர் எண்டால் அவங்கடை பாசையிலை அம்மா, அப்பிடித்தான் கூப்பிடுவான். அம்மா எண்டு கூப்பிடுறது காய்ச்சல் வந்தா மட்டும்தான். நான் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. பேசாமல் இருந்ததைச் சம்மதமெண்டு எடுத்திட்டான் போலை. உங்களை வீணா பில்லுண்டிலையிருந்து பஸ் பிடிச்சு வரப்பண்ணிப்போட்டான். கார் இல்லையே உங்களுக்கு? இந்தப் பிராண்டே மாதிரி இடத்துக்குக் கார் இல்லாமல் வந்து போறதெண்டால் சீவன் போயிடும். கெதியா லைசென்ஸ் எடுங்கோ.

கோப்பி குடியுங்கோ. மெஷினிலை ஊத்தி வைச்சது, கொஞ்சம் கசக்கும். மதுரையே சொந்த ஊர்? ஆமாங்க எண்டு நீங்கள் சொல்லேக்கை எனக்குப் படம் பாக்கிற மாதிரியே இருக்கு. கொம்பியூட்டர் வேலைக்கு வந்தனீங்கள் என்ன. கலியாணம்? இல்லை. பாக்கத் தெரியுது. கலியாணம் கட்டின மனிசன் ஒரு தட்டுக்காக இவ்வளவு தூரம் வரமாட்டான்.

அவ்வளவு அருமையானதோ இது? ம்... இத்தாலிப் பெடியங்கள்... எழுபதுகளிலை... இது ஒண்டைத்தான் போட்டவங்கள், பிறகு பிரிஞ்சு போனவங்கள்... ம். சரி, உங்களுக்கு இத்தாலிப் பாசை தெரியுமே? தெரியாதே! அப்ப உவன் என்னத்தைக் கத்துறான் எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தலையைச் சொறியாதேங்கோ, பகிடிக்குக் கேட்டனான்.

மட்டையைப் பாருங்கோவன், இந்தாங்கோ. விளிம்பிலை பிடிக்கிறியள், பழகின கை. எல்லாம் கறுப்பு. நடுவிலை ஒரு படிக்கட்டு, கீழை கீழை போய்த் தண்ணிக்குள்ளை இறங்குது. கடைசிப் படியிலை ஒரு சோடிச் சப்பாத்து மட்டும் கிடக்கு, ஆளைக் காணேல்லை. சுஜன் இதைக் கோல்டிங்கிலை ஒரு பழஞ்சாமான் சந்தையிலை வாங்கிக்கொண்டு வரேக்கை, இதென்னடா மூதேசிப் படமெண்டு ஏசி, சுவர்ப் பக்கமாத் திருப்பி வைச்சனான்.

நான் சங்கீதம் தெரியாத ஆளில்லைத் தம்பி. வட இலங்கைச் சங்கீத சபையின்ரை சோதினை நாலாந்தரம் வரைக்கும் பாஸ் பண்ணினனான், வாய்ப்பாட்டு. அதாலைதான் எனக்கு உதோடை முதலிலை சரியான கோபம். தாளம் பிடிபடாது. இப்ப வாற இடத்தைக் கேளுங்கோ. ஏழெண்டு பிடிச்சு மிஸ்ரசாப்பு போட்டுக்கொண்டு போவம், அவன் திடீரெண்டு ஒண்டைக் கூட்டிப்போட்டு ஒண்டும் தெரியாத ஆள் மாதிரிப் போவான். சரி எட்டெண்டு மாத்தினால் அஞ்சிலை வந்து நிப்பான். ஓர்கன் வாசிக்கிறவனைப் பாருங்கோ, சுவாமி கும்பிட வந்த இடத்திலை உரு வந்த மாதிரி. பிறகு அந்தப் புல்லாங்குழல். பாவம், அது என்னவோ சொல்ல வெளிக்கிடும், மேளக்காரன் விடமாட்டான். இவ்வளவுக்கும் பிறகு உந்தப் பாட்டுக்காரன் வாறான். பாடுறானில்லைத் தம்பி. ஆரையோ கூப்பிடுறான். வரமாட்டினம் எண்டு தெரிஞ்சும் கூப்பிடுறான்.

முதல் கிழமை எனக்குக் கேக்கவே ஏலாமல் கிடந்தது. இப்ப எனக்கு உதிலை எங்கை என்ன வருமெண்டு கித்தாரின்ரை கம்பி உரசுற சத்தம் வரைக்கும் பாடம். ஒண்டு சொல்லட்டே? உது ஒரு இடத்திலையும் ஆறுதல் சொல்லாது. அதுதான் எனக்குப் பிடிச்சது. இந்த அஞ்சாறு மாசமா ஆறுதல் சொல்லுற ஆக்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வருது.

பொறுங்கோ, பொறுங்கோ. பக்கம் முடியுது. நான் ஓடிப்போய்...

ம். சரி. இனிக் கொஞ்ச நேரத்துக்குப் பயமில்லை.

ரெண்டாம் பக்கமோ? அதுதான் இன்னும் திறமோ? இருக்கும் தம்பி, நான் அதைப் போடுறேல்லை. அதிலை நடுவிலை ஒரு இடம் வருது, தண்ணி சொட்டுற மாதிரி ஒரு சின்னச் சத்தம், வேறை ஒண்டுமில்லை. ஓம் ஓம், அதைத்தான் நீங்கள் சொல்லுறியள். உங்களுக்கு அந்த இடம் உயிர். எனக்கு அந்த இடம் சரிவராது. வெளியிலை நிக்கிற ஆளுக்கு அது ஒண்டும் கேக்காது.

ஆருக்கோ? எங்கடை மனிசனுக்குத்தான், சுஜன்ரை அப்பாவுக்கு. பாலேந்திரா எண்டு பேர். உந்தக் கரண்ட் எடுக்கிற காத்தாலைக்கு இறகு செய்யிற இடத்திலை வேலை. காலமை இருட்டோடை போனால் பின்னேரம் வருவார். இப்ப வாற நேரந்தான்.

என்னெண்டு சொல்லுறது உங்களுக்கு. வன்னியிலை நடந்ததெல்லாம் நீங்களும் பேப்பரிலை பாத்திருப்பியள். திங்கக்கிழமையோடை சண்டை முடிஞ்சுதெண்டு ரீவியிலை சொல்லிப்போட்டாங்கள். இவரின்ரை தம்பி அங்கை. ஒரேயொரு தம்பி. சிறீஸ்கந்தராசா எண்டு பேர், நாங்கள் சிறி எண்டு கூப்பிடுறது. விசுவமடுவிலை தண்ணிப் பம்பு திருத்துற கடை வைச்சிருந்தவன். இஞ்சை வாடா எண்டு எத்தினை தரம் கூப்பிட்டம். மச்சாள், உங்கடை நாட்டிலை குளிக்கிறதுக்கே ஒரு கதவு பூட்டோணும், எனக்கு ஏலாதெண்டு சிரிப்பான். கிணத்தடியிலை நிண்டு அரை மணித்தியாலம் அள்ளி ஊத்தாட்டி அவனுக்குக் குளிச்ச மாதிரி இல்லை. சண்டை நிப்பாட்டியிருந்த காலத்திலை இவர் போய் ஒரு மாசம் நிண்டிட்டு வந்தவர். அண்ணனும் தம்பியும் ஒரே பாயிலை படுத்துக் கிடந்து கதைச்சவையாம். அந்த ஒரு மாசத்தை இவர் இன்னும் கதைச்சு முடியேல்லை.

தை மாசத்திலையிருந்து சிறியும் மனிசி பிள்ளையளும் ஓடத் துவங்கினவை. பம்பையும் கட்டி இழுத்துக்கொண்டு போனவன், விசரன். பிறகு பம்பை விட்டு, சைக்கிளை விட்டு, கடைசியாக் கடக்கரை மணலுக்கை. அங்கை ஒரு சற்றலைற் போன் வைச்சிருந்தவையாம், வரிசையிலை நிண்டு ஒரு நிமிசம் கதைக்கலாம். அவனுக்கு மனப்பாடமா இருந்தது இந்த வீட்டு நம்பர் ஒண்டுதான். இவரின்ரை மொபைல் நம்பர் அங்கை ஒருத்தருக்கும் தெரியாது. அதாலை நல்லதோ கெட்டதோ, எந்தச் செய்தி வந்தாலும் முதல் இஞ்சைதான், என்ரை காதுக்குத்தான் வரும். நான் முதியோர் இல்லத்திலை வேலை செய்யிறனான். சுகமில்லையெண்டு சொல்லிப்போட்டு மாசக்கணக்கா இந்தப் போனுக்குக் காவல் இருக்கிறன். இன்ரர்நெற்றிலை வாற படங்களைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாப்பன், அதிலை சிறி கிடக்கிறானோ எண்டு. இவர் பாக்கமாட்டார். பாக்கிற தைரியம் அவருக்கு இல்லை.

அழேல்லைத் தம்பி. கோப்பி ஆவி.

உங்கடை பக்கத்திலை செத்த வீட்டிலை பாட்டுப் போடுவினமாமே, லவுட்ஸ்பீக்கர் கட்டி? எங்களிட்டை அப்பிடியில்லை. ஒரு சாவுச் செய்தி வந்தால் அந்த நிமிசமே வீட்டிலை றேடியோ, ரீவி, பாட்டெல்லாம் நிண்டிடும். முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் ஒருத்தரும் கைவைக்க மாட்டினம். ஒழுங்கையாலை போற ஆள் ஆரும் சொல்லத் தேவையில்லை, ஒரு வீட்டிலை சத்தம் சந்தடி இல்லையெண்டால் விளங்கிக்கொள்ளும்.

மாசி மாசம் ஒருநாள் எனக்குத் தாங்க ஏலாத தலையிடி. எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு ஜன்னல் சீலையையும் இழுத்து விட்டிட்டுப் படுத்திட்டன். இவர் வேலையாலை வந்து கதவைத் திறந்தவர். வீடு அமைதியாக் கிடந்திருக்கு. தொப்பெண்டு ஒரு சத்தம். ஓடி வந்து பாத்தால் மனிசன் வாசலிலை, வேலைச் சப்பாத்தோடை, சுவரைப் பிடிச்சபடி நிலத்திலை இருக்கிறார். வாய் கோணிப்போய்க் கிடக்கு. சிறியோ? சிறியோ? எண்டு கேக்கிறார். இல்லையப்பா, எனக்குத் தலையிடி எண்டு நான் கத்துறன், அவரின்ரை காதிலை விழேல்லை. எவ்வளவு நேரம் எடுத்தது அந்த மனிசனை எழுப்ப.

அண்டைக்கு ஒரு கதை கதைச்சவர். ரஞ்சிதம், நான் இனி உன்னட்டை ஒண்டும் கேக்கமாட்டன், நீயும் சொல்லாதை. கீழை காரை விட்டிட்டு ஜன்னலைப் பாப்பன். பாட்டுக் கேட்டால் மேலை வாறன். அவ்வளவும்தான். நான் கேட்டன், பாட்டுக் கேக்காட்டி? மனிசன் எழும்பிப் போய் முகம் கழுவினார்.

ஓம் தம்பி, அதுதான் விசயம். அண்டையிலையிருந்து ஒவ்வொரு நாளும் அவர் வாற நேரத்துக்கு இந்த வீட்டிலை பாட்டு. ஆனா என்ன பாட்டைப் போடுறது? சினிமாப் பாட்டுப் போட ஏலுமே? அங்கை சனம் செத்துக்கொண்டிருக்கு, இஞ்சை இவை டூயட் கேக்கினம் எண்டு முழு டென்மார்க்கும் கதைக்கும். பக்திப் பாட்டுப் போட்டால் எனக்கு அழுகை வரும். இயக்கப் பாட்டைப் போட்டால் அவருக்கு அழுகை வரும். அப்பதான் சுஜன்ரை அறைக்குள்ளை உந்தக் கறுப்பு மட்டை ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இடைவெளி இல்லை. தெரு வரைக்கும் கேக்கும். எல்லாத்தையும் விட, அதைக் கேட்டு ஒருத்தரும் இவை பாட்டுக் கேட்டுச் சந்தோசமா இருக்கினமெண்டு சொல்ல மாட்டினம்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. எங்கடை சங்கத்துக் குணசேகரம் அண்ணை கொப்பன்ஹேகன் ஊர்வலத்துக்கு ஆள் சேக்க வந்தவர். உந்த ஓர்கன்காரன் உச்சத்திலை நிக்கிறான். மனிசன் கொஞ்ச நேரம் காதைக் குடுத்துக் கேட்டிட்டு, தங்கச்சி, உங்கடை ஹீற்றர் பழுதாப்போச்சுது போலை, கொம்யூன் ஒபீசுக்குச் சொல்லுங்கோ எண்டார். மேல் வீட்டு டெனிஷ்காரர் ஒருநாள் கதவைத் தட்டினவர். ஏச வாறாரெண்டுதான் நினைச்சன். அவர் என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கிப்போட்டுப் போனார், தன்ரை வாலிப காலத்து இசையாம், ஒரு தமிழ்ப் பொம்பிளை இதைக் கேப்பாவெண்டு நினைக்கேல்லையாம். அவருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது.

ஒருநாள் அவசரத்திலை ரெண்டாம் பக்கத்தைப் போட்டிட்டு உடுப்புத் தோய்க்கக் கீழை போயிட்டன். அந்தத் தண்ணி சொட்டுற இடத்திலை இவர் வந்து சேந்திருக்கிறார். நான் கூடையோடை வெளியிலை வந்து பாத்தால் கார் நிக்குது, எஞ்சின் ஓடுது, இவர் ஸ்ரியறிங்கிலை நெத்தியை வைச்சுக்கொண்டு இருக்கிறார். திடீரெண்டு மேளம் வெடிச்சுது. அந்த இடம் உங்களுக்குத் தெரியும்தானே. தலையை நிமித்திப் பாத்தாரே ஒரு பார்வை. கலியாணத்தண்டுகூட அந்த மனிசன்ரை முகத்திலை அவ்வளவு சந்தோசத்தை நான் காணேல்லை. இத்தாலிக்காரன் வாழ்க.

இப்ப விளங்குதே ஏன் குடுக்க ஏலாதெண்டு? சரி. கோப்பி ஆறிப்போச்சு, வேறை ஊத்தட்டே?

என்ன கேட்டனீங்கள்?

சிறியைப் பற்றிச் செய்தி ஏதும்... ம்.

ஓம் தம்பி. வந்தது. இண்டைக்குக் காலமை, இவர் வேலைக்குப் போன கையோடை. சிறியின்ரை மனிசி விஜிதாதான் எடுத்தவள், வவுனியா முகாமிலையிருந்து, ஆரோ ஒளிச்சு வைச்சிருந்த போனிலை. பிள்ளையள் ரெண்டும் தன்னோடையாம். பங்கருக்குள்ளை வைச்சுத்தான் நடந்ததாம். தூக்கிக்கொண்டு வர ஏலேல்லை அக்கா, பங்கரையே மூடிப்போட்டு வந்தனாங்கள் எண்டாள். பிறகு போனைப் பறிச்சிட்டினம் போலை, வேறை ஒண்டும் கேக்கேல்லை. மூடேக்கை சின்னவனும் மண் போட்டவனாம். அதையும் சொன்னாள்.

காலமையிலையிருந்து நான் உந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு இருக்கிறன். ஒவ்வொரு தரமும் முடியேக்கை இனிப் போடக்கூடாதெண்டு நினைப்பன். கை போய் ஊசியை வைச்சிடும். இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா. செத்த வீட்டிலை பாட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிற பொம்பிளை நான். அந்த மனிசன் அங்கை ஒண்டும் தெரியாமல் இறகைத் தேய்ச்சுக்கொண்டு நிண்டிருப்பார். அவர் வந்து இதைக் கேட்டு, அப்பாடா எண்டு படியேறி வந்து, என்னைப் பாத்துச் சிரிச்சாரெண்டால் நான் அந்தச் சிரிப்பை என்ன செய்யிறது தம்பி? அதுக்குப் பிறகு எந்த வாயாலை சொல்லுறது?

எழும்பாதேங்கோ. இருங்கோ. அந்தா, அந்தச் சாம்பல் நிறக் கார். திரும்புது பாருங்கோ. அவர்தான்.

கண்ணாடியை இறக்கிறார். இப்ப கேக்கும் அவருக்கு. எப்பவும் கொஞ்சம் பொறுத்துத்தான் இறங்குவார், தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடிக்கொண்டு கேப்பார். உந்தப் பாட்டுக்காரன் கூப்பிடுற இடம் வந்தாத்தான் இறங்குவார். இன்னும் இருக்கு அதுக்கு.

தம்பி, எனக்கு ஒரு உதவி. எனக்குக் கை வரேல்லை, நீங்கள் செய்யுங்கோ. எங்களிட்டை செத்த வீட்டிலை வீட்டுக்காரர் ஒண்டையும் தொடுறேல்லை, பிறத்தியார்தான் எல்லாம் செய்யிறது. நீங்கள் எனக்கு ஒண்டுமில்லாத ஆள். இண்டைக்கு எனக்கு உங்களை விட்டால் வேறை ஆருமில்லை. நான் கீழை போறன். பாட்டு நிக்கிறதை அவர் தனிய இருந்து கேக்கக் கூடாது. நான் போய் மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து அவருக்குப் பக்கத்திலை இருப்பன். ஜன்னலாலை பாத்துக்கொண்டு நில்லுங்கோ. நான் காருக்குள்ளை ஏறிக் கதவைச் சாத்தின பிறகு ஊசியைத் தூக்கிவிடுங்கோ, அதுக்கு முதல் வேண்டாம். தட்டை நீங்களே கொண்டு போங்கோ, மட்டை உங்கடை கையிலைதான் கிடக்கு.